ஒரு பாய், இருபது நிமிடம்: வீட்டிலேயே பிலாட்டிஸ் தொடங்க ஒரு வழிகாட்டி

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்குத் தினமும் கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறவர்கள், மாசி பங்குனியில் காலை முதல் மாலை வரை உட்கார்ந்து புளி உடைக்கிற பெண்கள், சீசனில் மாங்கூழ் ஆலையில் நின்றபடியே காய் பிரிக்கிறவர்கள், தர்மபுரியில் கம்ப்யூட்டர் முன்னால் நாள் முழுக்கக் குனிந்திருக்கிற ஆபீஸ் பிள்ளைகள். வேலை வேறு வேறு. ஆனால் முப்பத்தைந்து வயது தாண்டினால் பெரும்பாலும் எல்லோரும் கை வைக்கிற இடம் ஒன்றுதான், இடுப்பு. தைலம் தேய்க்கிறோம், வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறோம், தாங்காவிட்டால் மாத்திரை போடுகிறோம். வலி போகிறது, நாலு நாளில் திரும்ப வருகிறது. முதுகைத் தாங்க வேண்டிய தசைகள் பலமில்லாமல் இருந்தால் அது திரும்பத் திரும்ப வரத்தான் செய்யும். அந்தத் தசைகளைப் பழக்குவதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழிகளில் ஒன்று பிலாட்டிஸ், பாயில் படுத்து மூச்சோடு சேர்த்து மெதுவாகச் செய்கிற உடற்பயிற்சி முறை.

நான் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் இதைக் கற்றுக்கொண்டு வீட்டில் பழகி வருகிறேன். எங்கள் தெருவில் ஆசைப்பட்டுக் கேட்ட சிலருக்குச் சொல்லியும் தருகிறேன். அவர்களுக்கு முதல் மூன்று மாதம் என்ன வரிசையில் சொல்கிறேனோ, அதைத்தான் இங்கே எழுதுகிறேன். மெஷின் வேண்டாம், ஜிம் வேண்டாம். ஒரு ஆள் நீட்டிப் படுக்கிற இடம் இருந்தால் சரி.

இதை உருவாக்கியவர் ஜோசப் பிலாட்டிஸ், 1883-ல் ஜெர்மனியில் பிறந்தவர். சிறு வயதில் ஆஸ்துமாவும் எலும்பு பலவீனமும் இருந்த நோஞ்சான் பிள்ளை. முதல் உலகப் போர் வந்தபோது இங்கிலாந்தில் இருந்தார். எதிரி நாட்டுக்காரர் என்று அவரைப் பிடித்து ஐல் ஆஃப் மேன் தீவில் ஒரு முகாமில் அடைத்துவிட்டார்கள். அங்கேதான் தன் பயிற்சிகளை ஒழுங்குபடுத்திக் கூட இருந்தவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். 1926 வாக்கில் நியூயார்க்கில் குடியேறி வாழ்க்கைத் துணை கிளாராவோடு சேர்ந்து பயிற்சிக் கூடம் நடத்தினார். அடிபட்ட நடனக் கலைஞர்கள் அவரைத் தேடி வர ஆரம்பித்த பிறகுதான் பெயர் பரவியது. 1945-ல் அவர் வெளியிட்ட 34 பாய்ப் பயிற்சிகள்தான் இன்றைக்கும் அடிப்படை. அடைபட்ட இடத்தில் வளர்ந்த பயிற்சி என்பதால், நம் வீட்டு ஹாலில் டிவிக்கும் சோபாவுக்கும் நடுவே இருக்கிற இடம் இதற்குத் தாராளம்.

என்ன மாறும், என்ன மாறாது

முதலில் எதிர்பார்ப்பைச் சரி செய்துகொள்வோம். பிலாட்டிஸ் செய்தால் ஒரு மாதத்தில் பத்து கிலோ குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாயில் படுத்து மெதுவாகச் செய்கிற பயிற்சியில் அவ்வளவு கலோரி செலவாகாது. எடை குறைய வேண்டுமென்றால் சாப்பாட்டிலும் நடையிலும்தான் கை வைக்க வேண்டும். பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் வேக நடை மாதிரியான உழைப்பு, அதோடு குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிலாட்டிஸ் அந்த இரண்டாவது கணக்கில் சேரும். முதல் கணக்குக்கு நீங்கள் நடந்தே ஆக வேண்டும்.

சரி, அப்புறம் எதற்கு இது? வயிற்றின் ஆழத்தில், இடுப்பைச் சுற்றி பெல்ட் கட்டியது மாதிரி ஒரு தசை ஓடுகிறது. முதுகெலும்பை ஒட்டிச் சின்னச் சின்னத் தசைகள் இருக்கின்றன. அடியில் இடுப்புத்தளத் தசை, மேலே மூச்சை இயக்கும் உதரவிதானம். இந்த நான்கும் ஒன்றாக வேலை செய்தால்தான் குனியும்போதும் தூக்கும்போதும் முதுகு நிலையாக நிற்கும். வழக்கமான வயிற்றுப் பயிற்சிகள் மேலே தெரிகிற தசையைத்தான் முறுக்குகின்றன. பிலாட்டிஸ் உள்ளே இருப்பதைப் பழக்குகிறது. வாரம் மூன்று நாள் ஒழுங்காகச் செய்தால், பொதுவாக இரண்டு மூன்று மாதத்தில் நிற்கிற விதம் நேராகும். தரையிலிருந்து கை ஊன்றாமல் எழுவது சுலபமாகும். சமநிலை தேறும். மூச்சு நிதானமாகும். மனசும் கொஞ்சம் அமைதியாகும், நல்ல தூக்கம் வருகிறது என்று சொல்பவர்களும் உண்டு.

இடுப்பு வலிக்கு இது உதவுமா என்று முறையாக ஆராய்ந்திருக்கிறார்கள். பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து எடைபோடுகிற காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு ஒன்று 2015-ல் வந்தது. அது, ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட பிலாட்டிஸ் செய்வது வலியைக் குறைக்க உதவுகிறது என்றும், ஆனால் மற்ற உடற்பயிற்சிகளைவிட இது உயர்ந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் முடித்தது. எனக்கு அது நியாயமான தீர்ப்பாகவே படுகிறது. உங்களுக்கு யோகா பிடித்து அதைத் தொடர்ந்து செய்கிறீர்களா, அதையே செய்யுங்கள். எதையும் தொடர முடியாமல் விட்டவர்களுக்கு, வயசுக்கு ஏற்ப அளவைக் கூட்டிக் குறைக்க முடிகிற இது பொருந்தலாம்.

முதலில் டாக்டரைக் கேட்க வேண்டியவர்கள்

கர்ப்பிணிகள், பிரசவம் ஆகி ஆறு வாரம் தாண்டாதவர்கள், சிசேரியன் செய்துகொண்டவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், டிஸ்க் விலகிக் காலுக்கு வலி இறங்குபவர்கள், எலும்புத் தேய்மானம் என்று சொல்லப்பட்டவர்கள், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்கள். இவர்கள் யாரும் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நேராகப் பாயை விரிக்க வேண்டாம். கர்ப்ப காலத்தில் நாலாம் மாதத்துக்குப் பிறகு மல்லாந்து நெடுநேரம் படுப்பதே கூடாது. எலும்பு பலமிழந்தவர்கள் முதுகை முன்பக்கம் சுருட்டுகிற பயிற்சிகளைத் தொடக் கூடாது.

இடுப்பு வலியோடு சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போவது, தொடை இடுக்கில் உணர்ச்சி மரத்துப்போவது, கால் பலம் குறைவது, காய்ச்சல், விழுந்த பிறகு வந்த வலி, இதில் எது இருந்தாலும் அது பயிற்சிக்கான விஷயம் இல்லை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊர்களிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, அங்கே பிசியோதெரபிஸ்டைப் பார்க்கலாம். படுக்கையோடு இருக்கிற பெரியவர்கள் வீட்டில் இருந்தால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். 2021 ஆகஸ்ட் 5-ல் அந்தத் திட்டம் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பாய், உடை, நேரம்

யோகா மேட் இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து, அதன்மேல் ஒரு போர்வை. கோரைப்பாய் மட்டும் போதாது, டைல்ஸ் தரையில் வழுக்கும், முதுகெலும்பும் குத்தும். மெத்தை, கட்டில் வேண்டவே வேண்டாம். மார்கழியில் ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் தரை சில்லென்று இருக்கும், அப்போது இன்னொரு போர்வை சேர்த்துக்கொள்ளுங்கள். தலைக்கு மடித்த துண்டு ஒன்று, இன்னொரு நீளத் துண்டு பயிற்சிக்கு.

நைட்டியோ புடவையோ சரிப்படாது, கால் தூக்கும்போது கவனமெல்லாம் துணியிலேயே இருக்கும். சுடிதார் பேண்ட்டும் டி-ஷர்ட்டும் போதும். ஆண்களுக்கு டிராக் பேண்ட். வெறுங்காலோடு செய்யுங்கள். களியும் கீரைக்குழம்பும் சாப்பிட்டால் மூன்று மணி நேரம் போகட்டும், டீ காபி என்றால் அரை மணி. காலை ஷிப்ட் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள் காலையில்தான் செய்வேன் என்று அடம்பிடிக்க வேண்டாம். சாயந்தரம் வீட்டுக்கு வந்து முகம் கழுவியதும் செய்தாலும் அதே பலன்தான். எந்த நேரமானாலும் அந்த இருபது நிமிடத்துக்கு போன் வேறு அறையில் இருக்கட்டும்.

முதல் இரண்டு வாரம்: மூச்சும் படுக்கையும்

இந்தப் பகுதியைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள். தயவுசெய்து தாண்டாதீர்கள். மூச்சு வராமல் மற்றதைச் செய்தால் அது வெறும் கால் தூக்கும் பயிற்சியாகிவிடும்.

நீளத் துண்டை மார்புக்குக் கீழே, விலா எலும்புகளைச் சுற்றிக் கட்டிக்கொள்ளுங்கள். முன்பக்கம் முனைகளைக் குறுக்காகப் பிடித்து லேசாக இழுத்துக்கொள்ளுங்கள். நாற்காலியிலோ சம்மணமிட்டோ நிமிர்ந்து உட்காருங்கள். மூக்கு வழியாக மூச்சை இழுக்கும்போது விலா இரண்டு பக்கமும், முதுகுப் பக்கமும் விரிந்து துண்டைத் தள்ள வேண்டும். தோள் மேலே ஏறக் கூடாது, வயிறு மட்டும் புடைக்கக் கூடாது. பிறகு உதட்டைக் குவித்து, சூடான டீயை ஊதுவது போல நிதானமாக வெளியே விடுங்கள். விலா ஒடுங்கி, துண்டு தளர வேண்டும். இப்படிப் பத்து மூச்சு.

எங்கள் தெருவில் ஒரு அக்கா, வருஷா வருஷம் புளி உடைக்கப் போகிறவர். துண்டைக் கட்டி உட்காரவைத்தேன். மூச்சை இழு என்றதும் தோள் இரண்டும் காது வரை போய்விட்டன, கழுத்து நரம்பு தெரிகிறது, துண்டு அசையவே இல்லை. அவருடைய கையையே எடுத்து விலாவின் பக்கவாட்டில் வைத்து, "அக்கா, இந்தக் கையைத் தள்ளு, போதும்" என்றேன். நாலாவது மூச்சில் விரல்கள் கொஞ்சம் விலகின. அவருக்கே ஆச்சரியம். "இத்தனை நாளா பாதி மூச்சுதான் விட்டுட்டு இருந்தேனா?" என்று கேட்டார். அன்றைக்கு வேறு எதுவும் செய்யவில்லை, அந்த மூச்சோடு அனுப்பிவிட்டேன். நீங்களும் முதல் மூன்று நான்கு நாள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்தது படுக்கும் நிலை. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, பாதங்களை இடுப்பு அகலத்துக்குத் தரையில் ஊன்றுங்கள். உள்ளங்கைகளின் அடிப்பகுதி இடுப்பெலும்பின் இரண்டு முனைகளிலும், விரல் நுனிகள் அடிவயிற்றுக்குக் கீழே தட்டுப்படும் எலும்பிலும் இருக்கட்டும். ஒரு முக்கோணம் கிடைக்கும். அந்த முக்கோணம் தரைக்கு மட்டமாக இருக்கிற நிலைதான் உங்கள் முதுகின் இயல்பு நிலை. அப்போது இடுப்புக்கும் தரைக்கும் நடுவே விரல்கள் நுழைகிற அளவு இடைவெளி இருக்கும். முழு மணிக்கட்டும் போனால் முதுகு அதிகம் வளைந்திருக்கிறது. விரலே நுழையவில்லையென்றால் தரையில் அழுத்திவிட்டீர்கள்.

இந்த நிலையில் மூச்சை வெளியே விடும்போது, சிறுநீரை நடுவில் அடக்க எந்தத் தசையை இறுக்குவோமோ அதை மெல்ல மேலே இழுங்கள். சிறுநீர் கழிக்கும்போது இதைச் செய்து பார்க்கக் கூடாது, உணர்வுக்காகத்தான் சொல்கிறேன். அதோடு சேர்ந்து தொப்புளுக்குக் கீழே வயிறு தானாக உள்ளே அமரும். முழு பலத்தையும் போட வேண்டாம், மூன்றில் ஒரு பங்கு போதும். பேச முடிய வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு வயிற்றை இழுத்துக் கட்டுவது தவறு, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆபத்தும்கூட.

பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறது என்பதை நம் ஊரில் அம்மாவிடம்கூடச் சொல்வதில்லை. வயசானால் அப்படித்தான் என்று சகித்துக்கொள்கிறோம். அப்படிச் சகிக்க வேண்டியதில்லை. அதற்கு முதல் சிகிச்சையாகச் சொல்லப்படுவதே இந்த இடுப்புத்தளத் தசைப் பயிற்சிதான், குறைந்தது மூன்று மாதம், தெரிந்தவர் மேற்பார்வையில். கூச்சப்படாமல் பெண் டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ கேளுங்கள்.

மூன்றாம் வாரத்திலிருந்து

இப்போது அசைவுகளுக்கு வரலாம். வாரத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று முறை. ஒவ்வொன்றும் ஆறிலிருந்து எட்டு தடவை. பொது விதி ஒன்று: கஷ்டமான பகுதி வரும்போது மூச்சு வெளியே போக வேண்டும்.

இடுப்புச் சாய்வில் ஆரம்பியுங்கள். படுத்த நிலையில் மூச்சை விட்டபடி இடுப்பை மெதுவாக உருட்டி இடுப்புக்குக் கீழ் இருக்கும் இடைவெளியைத் தரையோடு சேர்க்க வேண்டும், மூச்சை இழுத்தபடி இயல்பு நிலைக்கு வர வேண்டும். அசைவு கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. இது பழகியதும் அப்படியே பாலமாக வளர்த்துக்கொள்ளலாம். மூச்சை விட்டபடி வால் எலும்பிலிருந்து ஒவ்வொரு முள்ளெலும்பாகத் தரையைவிட்டு எடுத்து, உடல் எடை தோள்பட்டைக்கு வரும்வரை இடுப்பைத் தூக்குங்கள். மேலே ஒரு மூச்சு இழுங்கள். விட்டபடி மேல் முதுகு, நடு முதுகு, கடைசியில் வால் எலும்பு என்று இறங்குங்கள். இறங்குவதில்தான் வேலை இருக்கிறது, தொப்பென்று விழக் கூடாது. தொடையின் பின்பக்கம் பிடித்துக்கொண்டால் குதிகாலை உடம்புக்குக் கொஞ்சம் பக்கத்தில் வையுங்கள்.

அடுத்து ஒற்றைக் கால் தூக்குவது. மூச்சை விட்டபடி ஒரு காலை முழங்கால் மடங்கிய நிலையிலேயே தூக்கி, தொடை செங்குத்தாக, கீழ்க்கால் தரைக்கு மட்டமாக வரும்வரை கொண்டுவந்து, மூச்சை இழுத்தபடி இறக்குங்கள். பிறகு அடுத்த கால். கேட்பதற்கு ஒன்றுமே இல்லாதது மாதிரி இருக்கும். ஒரு சின்ன எவர்சில்வர் தட்டில் நாலைந்து நிலக்கடலை போட்டு அடிவயிற்றின் மேல் வைத்துச் செய்து பாருங்கள். கால் தூக்கும் நொடியில் கடலை ஒரு பக்கம் உருண்டால் இடுப்பு ஆடுகிறது, உள்தசை வேலை செய்யவில்லை என்று அர்த்தம். கடலை அசையாமல் எட்டு தடவை வரும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். எங்கள் தெருவில் ஜிம்முக்குப் போய் டம்பெல் தூக்குகிற பையன் ஒருவனுக்கு முதல் தடவையே கடலை தரைக்குப் போய்விட்டது. வெளியே தெரிகிற தசையும் உள்ளே தாங்குகிற தசையும் வேறு என்பது அவனுக்கு அன்றைக்குப் புரிந்தது.

பிறகு நூறு. பிலாட்டிஸின் பிரபலமான பயிற்சி இது. முழு வடிவத்தில் தலையும் கால்களும் காற்றில் நிற்கும். தொடங்குபவர்களுக்கு அது வேண்டாம். தலை துண்டில், பாதம் தரையில். கைகளை உடம்புக்குப் பக்கத்தில் நீட்டி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் மேலும் கீழுமாகச் சின்னதாக அடியுங்கள். ஐந்து அடிக்கு மூச்சு உள்ளே, ஐந்து அடிக்கு வெளியே. இப்படிப் பத்து சுற்று போனால் நூறு. முதலில் மூன்று சுற்று போதும், வாரத்துக்கு ஒன்று இரண்டு கூட்டிக்கொண்டே போங்கள். கழுத்து இறுகினால் அன்றைக்கு நிறுத்திவிடலாம்.

பக்கவாட்டில் படுத்துச் செய்வதற்குச் சுவரைத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள். முதுகும் இடுப்பும் குதிகால்களும் சுவரைத் தொட்டபடி ஒருக்களித்துப் படுத்து, மேல் காலை நேராக, இடுப்பு உயரத்துக்குச் சற்று மேல்வரை தூக்கி இறக்குங்கள். சுவர் இல்லாமல் செய்தால் நமக்குத் தெரியாமலேயே இடுப்பு பின்னால் சாய்ந்துவிடும். இது இடுப்பின் பக்கவாட்டுத் தசைக்கு. படியேறும்போது முழங்கால் உள்பக்கம் சாய்கிறவர்களுக்கு மிகவும் தேவையானது.

குப்புறப் படுத்து ஒன்று. நெற்றி தரையில், கைகள் தோளுக்குப் பக்கத்தில். கையை அழுத்தாமல், மேல் முதுகின் பலத்தால் மார்பெலும்பைத் தரையிலிருந்து நாலு விரல் அளவு தூக்கி இறக்குங்கள். பார்வை தரையிலேயே இருக்கட்டும். போனைப் பார்த்துப் பார்த்துக் கூன் விழுந்த முதுகுக்கு இதைவிட நல்லது வேறில்லை என்பது என் எண்ணம். கீழ் இடுப்பில் சுருக்கென்று இருந்தால் உயரத்தைக் குறையுங்கள்.

அப்புறம் கையும் முழங்காலும் ஊன்றி, வலது கையை முன்னாலும் இடது காலைப் பின்னாலும் நீட்டி, ஒரு மூச்சு நின்று, மாற்றிச் செய்வது. அதே நிலையில் முதுகை மேலே வளைத்து இறக்குவதை நாலைந்து தடவை. முடிவில் குதிகால் மேல் உட்கார்ந்து நெற்றியைத் தரையில் வைத்து ஓய்வு. முழங்கால் வலிக்காரர்கள் ஒருக்களித்துப் படுத்தால் போதும். எழும்போது நேராக எழாமல், பக்கவாட்டில் திரும்பிக் கை ஊன்றி எழுங்கள்.

தசை உழைக்கிற எரிச்சல் வரலாம், மறுநாள் லேசான உடம்பு வலி வரலாம். குத்துகிற வலி, மின்சாரம் பாய்கிற மாதிரி காலில் இறங்குகிற வலி, தலைச்சுற்றல் வந்தால் நிறுத்துங்கள்.

பாய்க்கு வெளியே

வாரத்துக்கு ஒரு மணி நேரம் பாயில் செய்துவிட்டு மீதி நேரமெல்லாம் பழையபடி குனிந்து தூக்கினால் பலன் பாதிதான். தண்ணீர்க் குடத்தையோ கேஸ் சிலிண்டரையோ நகர்த்தும் முன் மூச்சை உள்ளே இழுத்து, தூக்குகிற நொடியில் வெளியே விட்டு அடிவயிற்றை அமர்த்துங்கள். பால் கேனைப் பைக்கில் ஏற்றுகிறவர்களும் இதையே செய்யலாம். கம்பெனி பஸ்ஸில் சீட்டின் பின்பக்கம் வரை தள்ளி உட்கார்ந்து, இடுப்புக்குப் பின்னால் துண்டைச் சுருட்டி வைத்து, பத்து விலா மூச்சு விடலாம். பக்கத்துச் சீட்டுக்காரருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

புளி உடைக்கும் அக்காவுக்கு நான் சொன்ன மாற்றம் இரண்டுதான். தரையில் நேரடியாக உட்காராமல் மடித்த சாக்கின் மேல் உட்கார்வது, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நின்று இரண்டு கையையும் இடுப்பில் வைத்து லேசாகப் பின்னால் வளைவது. கூலி உடைக்கிற கணக்குக்கு என்பதால் எழுந்தால் காசு போகும் என்று முதலில் தயங்கினார். ஒரு நிமிடம்கூட ஆகாத வேலை இது. இப்போது தன்னோடு புளி உடைக்கும் பெண்களையும் எழுப்பிவிடுகிறார்.

ஒகேனக்கல் போனால் பாறையில் படுத்து எண்ணெய் மசாஜ் செய்துகொள்கிறோமே, அது இறுகிய தசையைத் தளர்த்தும், உடம்புக்குச் சுகம். எனக்கும் பிடிக்கும். ஆனால் பலமில்லாத தசைக்கு அடுத்தவர் கையால் பலம் வராது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பயிற்சி இல்லாத நாட்களில் அரை மணி நடை. கிருஷ்ணகிரி அணைப் பூங்கா பக்கத்தில் இருப்பவர்களுக்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. மற்றவர்கள் பள்ளிக்கூட மைதானத்தையோ ஊர் ஏரிக்கரையையோ பிடித்துக்கொள்ளுங்கள். தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில் விடியற்காலை இருட்டில் நடப்பதை மட்டும் தவிருங்கள்.

வகுப்பு வேண்டுமா?

முடிந்தால் தொடக்கத்தில் சில வகுப்புகளாவது ஆள் பார்த்துத் திருத்தும்படி போவது நல்லது. ஸ்பிரிங் வைத்த ரிஃபார்மர் மெஷினில் சொல்லித்தரும் கூடங்கள் பெங்களூரில் நிறைய. ஓசூர்க்காரர்களுக்கு அது பக்கம். ஆனால் தொடங்குவதற்கு மெஷின் அவசியமில்லை. ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது எங்கே படித்தார், எத்தனை மணி நேரப் பயிற்சி என்று தயங்காமல் கேளுங்கள். முழுமையான பிலாட்டிஸ் ஆசிரியர் பயிற்சி பல நூறு மணி நேரம் கொண்டது. இரண்டு நாள் பட்டறையில் வாங்கிய சான்றிதழ் அதற்கு ஈடாகாது. முதல் நாளே உங்கள் பழைய அடி, ஆபரேஷன், பிரசவம் பற்றி விசாரிக்காமல் வேலையை ஆரம்பிக்கிறவரிடம் இரண்டாம் நாள் போகாதீர்கள்.

ஆன்லைன் வகுப்பு என்றால், ஆசிரியர் உங்களைக் கேமராவில் பார்த்துத் திருத்துகிற சின்னக் குழுவாக இருக்கட்டும். போனைத் தலைமாட்டில் வைக்காமல், பக்கவாட்டில் தரை மட்டத்தில் ஒரு செங்கல் மேல் சாய்த்து வையுங்கள். அப்போதுதான் உங்கள் முதுகு அவர் கண்ணுக்குத் தெரியும். வீடியோ பார்த்து மட்டும் செய்கிறவர்கள், மாதம் ஒருமுறை தங்களையே பக்கவாட்டிலிருந்து படம் பிடித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்று மாதத்துக்குப் பிறகு

கடலைத் தட்டு அசையாமல், மூச்சு தவறாமல் எல்லாம் வந்துவிட்டதா? அப்போது ஒவ்வொன்றாகக் கூட்டலாம். முதலில் நூறு பயிற்சியில் இரண்டு காலையும் மடக்கியபடி தூக்கி வைப்பது. அது பழகியதும் தலையையும் தோளையும் தூக்குவது. பிறகு ஒரு காலை நெஞ்சுக்கு இழுத்து மறு காலை நீட்டும் பயிற்சி. படுத்த நிலையிலிருந்து முதுகைச் சுருட்டி எழுந்து உட்காருவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தொடங்கும்போது முழங்காலை மடக்கி, துண்டைப் பாதத்தில் மாட்டிப் பிடித்துக்கொண்டு செய்வது சுலபம். வாரத்துக்கு ஒரு புதிய பயிற்சிக்கு மேல் சேர்க்க வேண்டாம்.

நடுவில் விட்டுப்போகும். மாங்காய் சீசனில் ஆலையில் இரண்டு ஷிப்ட் பார்க்கிற வீடுகளில் பாய் விரிக்க நேரம் இருக்காது. ஊர்த் திருவிழா வரும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். அந்த நாட்களில் படுக்கப் போகும் முன் பத்து விலா மூச்சும் எட்டு இடுப்புச் சாய்வும் மட்டும் செய்யுங்கள், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பத்து நாளுக்கு மேல் முழுதாக விட்டுவிட்டால், விட்ட இடத்தில் ஆரம்பிக்காமல் இரண்டு வாரம் பின்னால் போய்த் தொடங்குங்கள். காய்ச்சலோ ஆபரேஷனோ காரணமாக விட்டிருந்தால், துண்டைக் கட்டி மூச்சிலிருந்து.